இது உங்க கம்பெனி பீஸ் இல்லீங்க!

அந்த போர்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்கேன் சென்டரில், டோக்கன் கொடுக்கும் பெண்ணின் தலைக்கு மேலே தொங்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம், கேட்பது சட்டப்படி குற்றம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

2022-ல் ஒரு காலை வேளை. அந்த போர்டுக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் தண்ணீர் பாட்டிலோடு நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு வயது 38. எனக்கு 43. கல்யாணமாகி ஒன்பது வருஷம். குலதெய்வம், கோயமுத்தூர் டாக்டர், நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கஷாயம் என்று ஒரு ரவுண்டு முடித்து, "போதும் விடுங்க, நமக்கு இவ்வளவுதான்" என்று அவள் சொன்ன ஆறாவது மாதம், காலையில் பல் விளக்கும்போது குமட்டியது. நான் முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டினேன். பரோட்டா நிரபராதி.

கல்யாணமாகாத வாசகர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நம்ம பக்கம் இப்போதெல்லாம் பெண் அமைந்து, ஜாதகம் பொருந்தி, மண்டபம் கிடைப்பதற்குள் பையனுக்கு முன் வழுக்கை விழுந்துவிடுகிறது. உங்களுக்கும் இதே நாற்காலி காத்திருக்கிறது. எனவே படியுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் க்யூ.சி. அதாவது குவாலிட்டி பார்ப்பவன். 5,000 பீஸ் ஆர்டர் என்றால் 5,000-த்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஏ.க்யூ.எல். என்று ஒரு கணக்கு உண்டு. 2.5 லெவலில் 200 பீஸை உருவி எடுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று பெரிய குறை 10 பீஸ் வரை இருந்தால் பாஸ். பதினோராவது கிடைத்தால் மொத்த லாட்டும் ஃபெயில். பதினேழு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டைக் காலரைப் பார்க்கிற ஜென்மம்.

இந்தப் புத்தியோடுதான் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"வயசு 35-ஐத் தாண்டிருச்சு. அதனால சில டெஸ்ட் பத்திப் பேசணும். எடுத்தே ஆகணும்னு சொல்லல. பேசணும்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம். அம்மாவிடம் 23, அப்பாவிடம் 23. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. 38 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது 38 என்றே வைத்துக்கொள்ளலாம். வயது ஏற ஏற, குரோமோசோம்கள் பிரியும்போது பங்கு தவறுகிற வாய்ப்பும் ஏறும். 21-ம் நம்பர் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக வந்தால், அதுதான் டவுன் சிண்ட்ரோம். ஜான் லாங்டன் டவுன் என்ற இங்கிலாந்து டாக்டர் 1866-ல் இதை விவரித்து எழுதினார். காரணம் ஒரு கூடுதல் குரோமோசோம் என்று பாரிஸில் லெஜூன் குழுவினர் கண்டு சொல்ல 1959 ஆனது.

25 வயதுத் தாய்க்கு வாய்ப்பு சுமாராக 1,250-ல் ஒன்று. 35-ல் சுமார் 350-க்கு ஒன்று. 38-ல் 180-ஐ ஒட்டி. 40-ல் சுமார் 100-க்கு ஒன்று.

"நான் கம்பெனியில நின்னுக்கிட்டே வேலை பாத்தது, டூ வீலர்ல போனது, அதனாலெல்லாம் வருமுங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லம்மா. நீ செஞ்ச எதனாலயும் இல்ல. கிரகணத்தாலயும் இல்ல."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். ஒரு மாதமாக அதை அடக்கி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சோதனைகள் படிப்படியாக இருக்கின்றன. முதல் படி 11-லிருந்து 14 வாரத்துக்குள். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரின் அளவை ஸ்கேனில் அளந்து, அதோடு 'டபுள் மார்க்கர்' என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். பத்து டவுன் கர்ப்பங்களில் எட்டு, ஒன்பதை இது சுட்டிக்காட்டும். கூடவே, ஒரு குறையும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேரையும் சேர்த்துப் பயமுறுத்தும்.

அடுத்த படி என்.ஐ.பி.டி. கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தைப் பக்கத்து டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்பதை டெனிஸ் லோ என்ற ஹாங்காங் டாக்டரும் அவர் சகாக்களும் 1997-ல் கண்டுபிடித்தார்கள். 2011 வாக்கில் அது ஆஸ்பத்திரிக்கு வந்தது. அம்மாவின் கையில் ரத்தம் எடுத்தால் போதும். டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை நூற்றுக்கு 99-ஐப் பிடித்துவிடும். ஆனாலும் அது சந்தேகத்தைச் சொல்லும் சோதனைதான், தீர்ப்பு அல்ல. அந்தத் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை, நேராகக் குழந்தையிலிருந்து அல்ல.

தீர்ப்பு வேண்டுமென்றால் ஆம்னியோசென்டெசிஸ். சுமார் 16 வாரத்தில், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றில் மெல்லிய ஊசி இறக்கி, குழந்தையைச் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் எடுத்து, குரோமோசோமையே எண்ணிப் பார்ப்பது. ஆனால் ஊசியால் கர்ப்பம் கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு. முன்பு 200-ல் ஒன்று என்று சொல்வார்கள். அண்மைக்கால ஆய்வுகளின்படி ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று வரை.

எங்களுடைய முதல் படி ரிசல்ட் வந்தது. 140-ல் ஒன்று. 250-ஐவிட நெருங்கி வந்தால் 'ஹை ரிஸ்க்' என்பது அந்த லேபின் கோடு. சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்தச் சிவப்பு இல்லாமல் சொல்லியிருக்கலாம்.

நான் உடனே மனசுக்குள் கால்குலேட்டரைத் தட்டினேன். 140-ல் ஒன்று என்றால் முக்கால் சதவீதம்கூட இல்லை. மனைவிக்குத் தைரியம் சொல்லும் நோக்கத்தோடு வாயைத் திறந்தேன்:

"அம்முணி, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. எங்க பையர் ரெண்டரைக்கே பாஸ் பண்ணிருவான்."

அவள் என்னைப் பார்த்தாள். "இது உங்க கம்பெனி பீஸ் இல்லீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நூத்தி நாப்பதுல ஒண்ணுங்கறது உங்க கணக்கு. அது நம்ம வீட்டுக்கு வந்துருச்சுன்னா ஒண்ணுக்கு ஒண்ணு" என்றாள்.

பதினேழு வருஷ க்யூ.சி. அனுபவத்தில் என்னை இப்படி யாரும் ரிஜெக்ட் செய்ததில்லை.

டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன்: "நீங்களே சொல்லிருங்க டாக்டர். ஊசி போட்டுரலாமா?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஒரு கேள்விக்குப் பதில் பேசிட்டு வாங்க. ரிசல்ட் 'ஆமா'ன்னு வந்தா என்ன பண்ணுவீங்க? அதைப் பேசாம டெஸ்ட் எடுத்தா, கவரை வாங்கிட்டு வாசல்லயே நிப்பீங்க."

வீட்டில் பேச முடியாது. அம்மா இருக்கிறாள். திருப்பூர்க்காரன் மனசு விட்டுப் பேசுகிற ஒரே இடம் பேக்கரி. இரண்டு டீ, ஒரு தேங்காய் பன் சொல்லிவிட்டு, சாலையோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். ஷிப்ட் விட்டு ஜனம் போய்க்கொண்டிருந்தது.

நான் என் கட்சியைச் சொன்னேன். ஊசியே போட்டுவிடலாம், சந்தேகத்தோடு ஆறு மாசம் என்னால் தூங்க முடியாது. 'ஆமா' என்று வந்தால்... அந்த வாக்கியத்தை முடிக்காமல் டீயைக் குடித்தேன்.

"முடிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"வேண்டாம்னு தோணுது" என்றேன். சொன்ன பிறகு வாய் கசந்தது. டீயில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தப் பயம் எனக்கும் இருக்குதுங்க. அந்தக் கொழந்தைக்கு முப்பது வயசாகறப்ப உங்களுக்கு எழுவத்தி மூணு. நமக்கப்பறம் யாரு பாத்துக்குவா? அதுதான் ராத்திரியெல்லாம் யோசிக்கறேன். ஆனா ஒம்பது வருசம் கழிச்சு வந்ததுல ஊசி குத்த எனக்குக் கை வராது. ஆயிரத்துல மூணு பேருன்னாலும், அதுல நானா இருந்துட்டா?"

பன் ஆறிப்போனது. முடிவு எதுவும் வரவில்லை. ஆனால் ஒன்பது வருஷத்தில் நாங்கள் அவ்வளவு உண்மை பேசியது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'வயித்துல ஊசியா? எங்கம்மா ஏழு பெத்தா, ஒரு டெஸ்ட்டு எடுத்தாளா?' என்று ஆரம்பிப்பாள் என்று பதிலோடு தயாராக இருந்தேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க சின்ன மாமன் மாதிரியா கண்ணு?"

காங்கேயம் பக்கம் கிராமத்தில் என் அம்மிச்சிக்கு 44 வயதில் பிறந்த கடைசிப் பிள்ளை சின்ன மாமன். சின்ன காது, மேல்நோக்கிச் சாய்ந்த கண், எப்போதும் ஒரு சிரிப்பு. எனக்கு ஐந்து வயசிருக்கும்போது அவருக்குப் பதினாறு. ஆனாலும் என்னோடு கோலி விளையாடுவார். கன்றுக்குட்டிக்குத் தண்ணி காட்டுவது அவர் வேலை. ஒரு நாள் தவறியதில்லை. கொஞ்ச தூரம் ஓடினால் உதடு நீலமாகிவிடும். பத்தொன்பது வயசில் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அவருக்கு என்ன என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஊர் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

"அவன் பொறந்தப்ப பால் குடிக்கத் தெரியல சாமி. துணியைத் திரியாட்டம் சுருட்டி, பால்ல நனைச்சு வாயில வெச்சோம். ஏன்னு தெரியாம எங்கம்மா, என்ன பாவம் செஞ்சேனோன்னு ஒரு வருசம் அழுதா. முன்னாலயே தெரிஞ்சிருந்தா அழுகாம வேலையப் பாத்திருப்பா. நெஞ்சுல ஓட்டையோ என்னமோ, அதையாவது காட்டியிருப்போம்." வெங்காயத்தாலோ என்னவோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்துக்கறதும் வேண்டாங்கறதும் உங்க இஷ்டம். தெரிஞ்சுக்கறதுல ஒண்ணும் தப்பில்ல."

சோதனைக்கு எதிர்க்கட்சி என்று நான் நினைத்தவள் தெரிந்துகொள்ளச் சொன்னாள். எனக்கு அதுவரை தோன்றாத ஒன்று அது. டெஸ்ட் என்றால் பாஸ் அல்லது ஃபெயில் என்றே நினைத்திருந்தேன். அதற்கு மூன்றாவதாக ஒரு பயன் இருக்கிறது. தயாராவது.

டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும் என்றார். முன்கூட்டித் தெரிந்தால் குழந்தையின் இதயத்தைக் கர்ப்பத்திலேயே எக்கோ எடுத்துப் பார்க்கலாம். குழந்தை இதய மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். பயிற்சியை முதல் மாதங்களிலேயே தொடங்கலாம். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை பார்க்கப்படும் குறைகளின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் இருக்கிறது. வசதியுள்ள நாடுகளில் இவர்கள் அறுபது வயது வரைகூட வாழ்கிறார்கள். என் மாமன் பிறந்தது வேறு காலம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 2004-லிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை உண்டு என்று வைத்தார்கள். உறுதியானால் பெரும்பாலோர் கலைத்துவிடுகிறார்கள். டவுன் குழந்தைகள் பிறப்பது அங்கே அபூர்வமாகிவிட்டது. அது சரியா என்று அந்த ஊரிலேயே விவாதம் நடக்கிறது. பேக்கரி ஸ்டூலில் தீர்கிற விவாதம் அல்ல.

இதில் காலக்கெடு என்று ஒன்றும் இருக்கிறது. 2008-ல் மும்பையில் நிகேதா மேத்தா என்ற பெண்ணுக்கு, குழந்தையின் இதயத்தில் கடுமையான குறை இருப்பது 24-வது வாரத்தில் தெரிந்தது. அன்றைய சட்டம் 20 வாரத்தோடு கதவைச் சாத்தியிருந்தது. அவரும் கணவரும் டாக்டரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆகஸ்டில் அனுமதி மறுக்கப்பட்டது. சில நாளில் கர்ப்பம் தானாகவே கலைந்துவிட்டது. சட்டம் மாற மேலும் 13 வருஷம் ஆனது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில நிலைமைகளில், இரண்டு டாக்டர்கள். அதற்கு மேல், குழந்தைக்குப் பெரிய குறை என்றால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். எனவே, யோசிக்கிறவர்கள் சீக்கிரம் யோசிக்க வேண்டும். 'ஷிப்மென்ட் முடியட்டும், அப்பறம் பேசலாம்' என்று தள்ளிப்போட முடியாத சமாச்சாரம்.

அந்த போர்டு தொங்குவதற்கும் இதே ஊசிதான் காரணம். 1970-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில், குறைகளைக் கண்டுபிடிக்க ஆம்னியோசென்டெசிஸ் வந்தது. நம் ஜனம் அதை வைத்து வேறொன்றைக் கண்டுபிடித்தது. வயிற்றில் பெண்ணா என்று. பிறகு நடந்தது ஊரறியும். மகாராஷ்டிரா 1988-ல் முதலில் சட்டம் போட்டது. 1994-ல் நாட்டுக்கே சட்டம் வந்தது. 1996 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. கருவில் பரிசோதனை யாருக்குச் செய்யலாம் என்று அந்தச் சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் முதல் வரியே, 35 வயதுக்கு மேற்பட்ட கர்ப்பிணி என்பதுதான். அதாவது எங்கள் வீட்டம்மா.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயம். ஊசி போன்ற சோதனைகளுக்கு முன் அதன் விளைவுகளைப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். நகலை அவள் கையில் கொடுக்க வேண்டும். கர்ப்பத்தைக் கலைப்பதானாலும் 18 வயது தாண்டிய பெண்ணின் சம்மதம் போதும். பழக்கத்துக்காகச் சில இடங்களில் கணவனிடமும் கையெழுத்து வாங்குவார்கள். சட்டம் கேட்பது அவள் கையெழுத்தை மட்டும்தான். இத்தனை நாளாக 'என்ன முடிவு எடுக்கலாம்' என்று தூக்கம் கெட்டுத் திரிந்த எனக்கு, என் பெயருக்கு அதில் இடமே இல்லை என்று தெரிந்தபோது முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு, ஊசி இறங்கப் போவது யார் வயிற்றில் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டம் எழுதியவர்கள் என்னைவிட நல்ல க்யூ.சி.

இரண்டாம் முறை அதே பேக்கரி. இந்த முறை அவள் பேசினாள்.

"ரத்த டெஸ்ட்டு எடுத்துக்கறேன். அதுல ஒண்ணுமில்லீன்னா ஊசி வேண்டாம். சந்தேகம்னு வந்தா ஊசி போட்டு உறுதி பண்ணிக்கலாம், வெறும் சந்தேகத்துல எதுவும் செய்ய வேண்டாம். உறுதியாச்சுன்னா... கலைக்க மாட்டேன்னு இன்னைக்குத் தோணுது. நாளைக்கும் அப்படியே தோணும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அன்னைக்கு நீங்க பக்கத்துல இருங்க. எதுவும் பேச வேண்டாம்."

டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் இல்லைதான். ஆனால் உண்மையான பதில். டாக்டரம்மாவும் "இது போதும்" என்றார்.

என் அரை மாதச் சம்பளத்தைக் கட்டி ரத்தம் கொடுத்தோம். பத்து நாள். அந்தப் பத்து நாளும் கம்பெனியில் நான் ஒரு பீஸையும் ஃபெயில் செய்யவில்லை. சூபர்வைசர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ரிசல்ட், லோ ரிஸ்க். "இதுக்கு எல்லாம் சரின்னு அர்த்தம் இல்ல. இது சில குரோமோசோமை மட்டும்தான் பாக்குது" என்று சொல்லி, 19-வது வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேனுக்கும் தேதி கொடுத்தார். அதுவும் முடிந்தது. பிரசவமும் ஆனது.

ரிசல்ட் நல்லபடியாக வந்ததால் நாங்கள் எடுத்த முடிவு சரி என்று நான் சொல்லவில்லை. வேறு மாதிரி வந்திருந்தாலும் அதே முடிவுதான், அதே இரண்டு டீதான். எங்களைப் போலவே உட்கார்ந்து பேசி, 'எந்த டெஸ்ட்டும் வேண்டாம், வருவது வரட்டும்' என்று எழுந்து போனவர்களும் உண்டு. நேரே ஊசிக்குப் போனவர்களும் உண்டு. அவர்களும் சரிதான். கேள்வியைத் தள்ளிப்போட்டுவிட்டு, மனைவியை மட்டும் தனியே யோசிக்க விடுவதுதான் தப்பு.

காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் வாங்கிப் போட்டே வளர்ந்தவன் நான். ஒரு சின்ன ஓட்டை, ஒரு நூல் விட்ட தையல். பத்து வருஷம் உழைக்கும். இது ஏன் அந்தப் பத்து நாளில் அடிக்கடி ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

குழந்தைக்கு இப்போது மூன்று வயசு முடிந்துவிட்டது. அம்மா அதற்குச் சின்ன மாமன் கதை சொல்லிச் சோறு ஊட்டுகிறாள்.

என்ன குழந்தை என்றா கேட்கிறீர்கள்?

முதல் பாராவில் இருக்கும் போர்டை இன்னொரு தடவை படியுங்கள் சார்!